பாயோடு ஒட்டுதல்

பாடுமீன் ரயில் அன்றைக்கும் பிந்தித்தான் வந்தது.
ஸ்டேசன் வாங்கில் நுளம்புக்குக் காலாட்டிக்கொண்டு
ஐந்தே முக்கால் மட்டும் இருந்தேன்.

இறங்கினாள் ஜோவிலின்.
குவைத்தில் மூன்று வருசம்
என் கட்டிலுக்கு மேல்கட்டில்.
தலைமயிரில் கொழும்புத் தூசி, கையில் பாதி பணிஸ்.
"இதுவா உன் தலைநகரம்?"
எங்கள் இருவருக்கும் தெரிந்த அரபியில் கேட்டாள்.
மேடத்தின் வாயிலிருந்து பொறுக்கிய அரபி அது,
வினைச்சொல் எல்லாம் ஏவல்தான்:
கழுவு. தூக்கு. கொண்டா. பேசாதே.

மாகாணத்துக்குத் தலை திருகோணமலை,
எங்களுக்கு ஒரு கச்சேரிதான் என்று விளக்க
அதில் எங்கே சொல்!
அவளுடைய ரோஹாஸ் மெய்யாகவே தலைநகரம்.
ஆனாலும் சல்மியாவில் துணி மடிக்கையில்
ஆறு, பாலம், மாதா கோயில், கச்சேரி என்று
நாலு விரலில் அதை முடித்துவிடுவாள்.
ஐந்தாவது விரல்
சும்மா நிற்கும்.

கல்லடிப் பாலத்தில் ஓட்டோவை நிப்பாட்டி
மீன் பாடுகிற கதையைச் சொல்லப்போனேன்.
"மீன். பாடு" என்றுதான் வந்தது.
அவள் கம்பியைப் பிடித்துக் குனிந்தாள்.
மேடத்தின் குரலை எடுத்து
வாவி முழுக்கக் கேட்க அதட்டினாள்:
பாடு!
தோணிக்காரன் ஒருவன் நிமிர்ந்து பார்த்தான்.
வேறொன்றும் நடக்கவில்லை.

சந்தையில் வழிகாட்டி அவள்.
நண்டைப் புரட்டி வயிற்றில் விரல் வைத்து
சினை இருக்கு என்று கண்ணால் சொன்னாள்.
இறால் கூறுக்கு விரலை மடக்கி மடக்கி
இருநூறு குறைத்தாள்.
"எந்த ஊர்ப் புள்ள இது?" என்றார் லாபீர் காக்கா.
கடலுக்கு அங்கால என்றேன்.
"எந்தக் கடலுக்கு?"

மறுகா அந்தக் கதை வந்தது, சோற்றில் கை வைத்திருக்கையில்.
சிலாபத்து டிரைவர் மேடத்திடம் ஓதிவிட்டிருந்தான்,
மட்டக்களப்பாள், கவனம்,
ஆளைப் பாயோடு ஒட்டவைப்பாள் என்று.
அன்றிலிருந்து மேடத்தின் தேத்தண்ணியில்
முதல் மிடறு எனக்கு.
பக்கத்து வீட்டு மணிலாக்காரி பிறகு இவளைப் பற்றிச் சொன்னாள்:
காபிஸ்காரி, ராவில் இடுப்போடு இரண்டாகி
மேல்பாதி பறக்கும், ஈரல் தின்னும்.
குழந்தையின் அறைக்குப் பூட்டு வந்தது.
அந்த ராத்திரி மேல்கட்டிலிலிருந்து
தலையும் தோளும் மட்டும் தொங்கவிட்டு
"நான் பாதி" என்றாள் ஜோவிலின்.
சிரித்த சத்தத்துக்கு
இரண்டு பேருக்கும் ஒருநாள் சம்பளம் வெட்டு.

புளியந்தீவு மாதா கோயிலில்
செருப்பைக் கழற்றுவதா இல்லையா என்று
கொஞ்சநேரம் என் காலைப் பார்த்தாள்.
கடைசி மூன்று மாதச் சம்பளம் கைக்கு வராமலே
அவள் ஊருக்குப் போகிறாள்.
முழங்காலில் நின்று என்ன சொன்னாளோ.
உதடு நீளநீளமாய் அசைந்தது.
அரபி இல்லை.

பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற வழியில்
சிவப்புக் கரை போட்ட புற்பாய் ஒன்று வாங்கினேன்.
சுருட்டிக் கட்டி அவள் கையில் கொடுத்தேன்.
மோந்து பார்த்தாள்.
பிறகு ஒரு கண்ணைச் சுருக்கி
"ஒட்டு?" என்றாள்.
"ஒட்டு" என்றேன்.
கொழும்பு பஸ் ஹோர்ன் அடித்தது.
பாயை முதலில் ஏற்றினாள், பிறகு தன்னை,
முழுசாய்.

பத்தொன்பதாம் நாள் படம் ஒன்று வந்தது.
கண்ணாடிக்குப் பதில் சிப்பி பதித்த ஜன்னல்,
கஞ்சித்தண்ணி மாதிரி வெளிச்சம்.
நிலத்தில் என் பாய்.
அதில் குப்புற ஓர் ஆம்பிளை,
முதுகில் பாயின் வரி.
கீழே எழுதியிருந்தாள்:
புருசன். பாய். மத்தியானத்திலிருந்து.

மீன் கழுவிக்கொண்டிருந்தேன்.
கையைச் சட்டையில் துடைத்துவிட்டு
எங்கள் பாசையிலேயே பதில் போட்டேன்:
தண்ணி ஊற்று.